அடைக்கு உட்கார்ந்த நீலக்குருவி

தினையை அலகால் உடைக்கும் 'நெறுக் நெறுக்' சத்தம்தான், கள்ளக்குறிச்சியில் சித்தி வீட்டில் நான் இருந்த அந்த ஒரு வருடமும் காலையில் என்னை எழுப்பியது. அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டும் கூட்டத்தோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஐந்தாம் வகுப்பையாவது ஒரே பள்ளிக்கூடத்தில் முடிக்கட்டும் என்று என்னை அம்மாவின் தங்கையிடம் விட்டிருந்தார்கள். சித்திக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம், குழந்தை இல்லை. சித்தப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். ஓட்டு வீட்டு வரிசையில் எங்களுடையது ஒற்றை அறை. சன்னலோரம் ஒரு கம்பிக் கூண்டு, அதில் ஒரு ஜோடி 'லவ் பேர்ட்ஸ்', பச்சை ஒன்று, நீலம் ஒன்று.

கல்வராயன் மலையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கும் பெண்களிடம்தான் சித்தி தினை வாங்குவாள். கடைத் தினையில் பூச்சி மருந்து கலந்திருக்கும் என்று அவளுக்குப் பயம். கூண்டின் அடியில் விரித்த பேப்பரைக் காலையில் மாற்றுவது என் வேலை. இரண்டில் எது ஆண், எது பெண் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. பச்சை ஓயாமல் கத்தியது, நீலம் அடக்கமாக இருந்தது. அந்த ஒரு காரணத்தை வைத்து நீலம்தான் பெண் என்று சித்தி முடிவு செய்திருந்தாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் ஒரு நாள் நீலம் குச்சியிலிருந்து இறங்கி, கூண்டின் மூலையில் போய் உட்கார்ந்தது. இறகையெல்லாம் உப்பவைத்து, பஞ்சுருண்டை மாதிரி இரண்டு மடங்கு பெருத்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு அசையாமல் இருந்தது. சித்தி கோழி வளர்த்த வீட்டில் பிறந்தவள். கோழி அப்படி மூலையில் உட்கார்ந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"அடைக்கு ஒக்காந்துடுச்சிடி. கிட்ட போவாத, கலைஞ்சிடும்."

அன்றே ஒரு சின்ன மண்கலயத்தைக் கூண்டுக்குள் கட்டினாள், அதில் தேங்காய் நார் போட்டாள், கூண்டின் பாதியைத் துண்டால் மூடினாள், வரிசையிலிருந்த ஐந்து வீட்டிலும் சொல்லிவிட்டு வந்தாள். சித்தப்பா சாப்பிட்டுக்கொண்டே, "இன்னா, வளையல் வாங்கினு வரட்டுமா ஒன் குருவிக்கு?" என்று கேட்டார். இதைவிடச் சின்னப் பேச்சுக்கெல்லாம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறவள், அன்றைக்குச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை பேப்பரை உருவினேன். எப்போதும் கறுப்பும் வெள்ளையுமாகக் காய்ந்து கிடக்கும் எச்சம் அன்று பச்சைத் தண்ணீராகக் கிடந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. மூச்சு விடும்போதெல்லாம் நீலத்தின் வால் மேலும் கீழும் ஆடியது. கிண்ணத்துக்குப் போய் தினையைக் கிளறியது, ஆனால் அந்த நெறுக் சத்தம் வரவில்லை. அடைக்கோழியின் எச்சமும் மற்ற நாள் போல இருக்காது என்று சித்தியே ஒருமுறை சொல்லியிருந்தாள். இதுவும் அந்த மாதிரியோ, இல்லை வேறெதுவோ, எனக்குக் குழப்பமாக இருந்தது. கேட்டால் சிரிப்பு நின்றுவிடும் என்பது மட்டும் தெரிந்தது. பேப்பரை மடித்துச் சாக்கடையில் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். நான்கு நாளும் அதையேதான் செய்தேன்.

நான்காம் நாள் மழைக்காகப் பள்ளிக்கூடத்தை மத்தியானமே விட்டுவிட்டார்கள்; நான் வீட்டுக்குள் நுழையும்போது நீலம் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. சித்தி அதை முந்தானையில் சுற்றிக்கொண்டு, குருவியை விற்ற கடைக்கு நனைந்துகொண்டே ஓடினாள். பின்னால் நானும் ஓடினேன். கடைக்காரர் துணியை விலக்கி, அலகுக்கு மேலே மூக்கிருக்கும் மேட்டைப் பார்த்தார்.

"அக்கா, மூக்கு ஊதாவா இருந்தா ஆம்பளக்கா. இது எப்பிடி முட்ட போடும்?" என்று சிரித்தார். சித்தியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விட்டுவிட்டு, இது குளிரில் நடுங்குகிற மாதிரி, சூடு கம்மியானால் உப்பிக்கொள்ளும், உடனே மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்றார்.

மாட்டாஸ்பத்திரியில் இரண்டு பசுக்களுக்கு நடுவே நின்றிருந்த டாக்டர், குருவியின் நெஞ்சில் விரலை ஓட்டிப் பார்த்தார். என் விரலையும் பிடித்து வைத்துக் காட்டினார். வெளியே பஞ்சு, உள்ளே கத்தி முனை மாதிரி எலும்பு. வயிற்றாலே போகிறதா, எத்தனை நாளாக என்று கேட்டார்.

"இன்னிக்கிக் காலையிலதான் சார்" என்றாள் சித்தி.

நாள் கணக்கு சரியாகத் தெரிந்தால்தான் மருந்து கொடுக்க முடியும் என்று அவர் மறுபடியும் கேட்டார். அந்தக் கேள்வி சித்தியிடம் கேட்டது. பதில் என்னிடம்தான் இருந்தது.

"நாலு நாளா பச்சையா போவுது சார்" என்றேன்.

சித்தி என் பக்கம் திரும்பவில்லை.

அவர் சொன்னபடியே செய்தோம். பச்சையைத் தனியாக வைத்தோம். நீலத்தை அட்டைப்பெட்டியில் விட்டு, ஒரு பக்கத்தில் மட்டும் சூடு படும்படி குண்டு பல்பு எரியவிட்டோம். மருந்துத் தண்ணீரை அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக வைத்தோம். வாயைத் திறந்து ஊற்றக் கூடாது, புரையேறும் என்றிருந்தார். சித்தி இரண்டு நாள் பெட்டியை விட்டு எழுந்திருக்கவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம், பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே அது இறந்துபோனது. பச்சையைச் சித்தி கடைக்காரரிடமே கொடுத்துவிட்டாள். என்னைத் திட்டவில்லை, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவுமில்லை. பரீட்சை முடிந்ததும் நான் அம்மாவிடம் போய்விட்டேன்.

அதன் பிறகு மூன்று பள்ளிக்கூடம் மாறி, எட்டாவதோடு படிப்பு நின்றது. திருப்பூர், ஓசூர், கேரளாவில் ஒரு முந்திரி ஆலை என்று ஒரு இடத்திலும் இரண்டு வருடம் நிலைக்கவில்லை. எங்கே போனாலும், யார் வீட்டில் கூண்டு இருந்தாலும், பறவையைப் பார்ப்பதற்கு முன்னால் அடியிலிருக்கும் பேப்பரைத்தான் பார்க்கிறேன்.

போன வருடம் சித்தியைப் பார்க்கப் போனேன். அந்த ஓட்டு வீட்டு வரிசை இல்லை, செல்போன் கடைகள் இருக்கின்றன. குருவிக் கடை இல்லை. சித்தப்பாவும் இல்லை. சித்தி வேறு தெருவில் தனியாக இருக்கிறாள். டீ குடிக்கும்போது, அந்தப் பேப்பரை நான்தான் மறைத்தேன், நான் முதல் நாளே சொல்லியிருந்தால் பிழைத்திருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

"மொத நாளே நானும் பாத்துட்டண்டி" என்றாள். "நீ ஸ்கூலுக்குப் போனப்புறம் நனைஞ்ச பேப்பர நான்தான மாத்திக்கினு இருந்தேன்."

"அப்புறம் ஏன் சித்தி சொல்லல?"

"யாருகிட்ட சொல்றது? அஞ்சு வூட்டுலயும் முட்ட எப்போன்னு கேட்டுக்கினு இருந்தாங்க."

தம்ளரை வாங்கிக்கொண்டு கழுவப் போய்விட்டாள். இத்தனை வருடமாக என்னோடு தூக்கிக்கொண்டு திரிந்ததைப் பாதியாவது இறக்கி வைக்கலாமா, இல்லை அவளுடையதையும் சேர்த்து நான்தான் தூக்க வேண்டுமா என்று பஸ் ஏறிய பிறகும் எனக்குத் தெரியவில்லை.