மூன்று பேர் ஓட்டிய கார்

கியர் வைத்த கார் வாங்குவதா, ஆட்டோமேடிக் வாங்குவதா என்று எங்கள் வீட்டில் பொங்கலுக்கு ஆரம்பித்த பேச்சு ஆடி பிறக்கும்வரை நீண்டது. என் கணவர் கியர் கட்சி. "கையும் காலும் சும்மா கெடந்தா தூக்கம் வந்துடும்" என்பது அவர் வாதம். நான் ஆட்டோமேடிக் கட்சி. ஆனால் உறுதியான கட்சிக்காரி இல்லை. ஒருநாள் ஆட்டோமேடிக்தான் என்பேன். மறுநாள் யாரோ எழுதியதைப் படித்துவிட்டு, நடுவழியில் நின்றுபோனால் தள்ளி ஸ்டார்ட் செய்யக்கூட முடியாதாமே என்று ஆரம்பிப்பேன். பின் இருக்கையில் ஒன்றாம் வகுப்பு படிக்கிற மகள் உட்காரப் போகிறாள் என்று நினைத்தால் எனக்கு எந்தக் காருமே பிடிக்காமல் போய்விடும்.

ஷோரூமில் எங்களுக்கு விளக்கம் சொன்னவர் பொறுமைசாலி. "இந்த மாதிரி சின்ன கார்ல கிளட்ச், கியர் எல்லாம் உள்ள அப்படியேதான் இருக்கும் மேடம். அமுக்கறதும் மாத்தறதும் மட்டும் மிஷின் பாத்துக்கும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படிப் பார்த்தால் எனக்கு எட்டு வயதாக இருக்கும்போதே எங்கள் வீட்டில் ஒரு பாதி ஆட்டோமேடிக் கார் இருந்தது. அந்த மிஷினின் வேலையைப் பார்த்தவர் அப்பா.

நான் பிறந்து வளர்ந்த வீடு குருபரப்பள்ளியில், நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து ஏறும் ஒரு மேட்டின் உச்சியில் இருக்கிறது. அப்பா ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்த்தார். பெங்களூரிலிருந்து பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கி வந்திருந்தார். பாலேட்டு நிறம், நான்கு கியர். ஞாயிற்றுக்கிழமைகளில் அதை அவர் துடைக்கிற பக்குவத்தைப் பார்த்து, "கொழந்தைக்கு ஒரு நாளாச்சும் இப்படித் தொடச்சு உட்டிருப்பீங்களா" என்று அம்மா கேட்பாள்.

அந்தக் கோடையில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது படி தவறி விழுந்து அப்பாவின் இடது கால் முறிந்தது. தொடை வரை மாவுக்கட்டு. முழங்காலுக்குக் கீழே ஒரு புண் வேறு. ஒருநாள் விட்டு ஒருநாள் கிருஷ்ணகிரிக்குப் போய் அதற்கு மருந்து வைத்துவர வேண்டும். காலை மடக்க முடியாததால் ஆட்டோவில் ஏற முடியவில்லை. காரின் முன் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளினால் கால் நீட்டி உட்காரலாம். ஆனால் ஓட்ட முடியாது. கிளட்ச்சை மிதிக்க இடது கால் வேண்டும். "கியர் இல்லாத வண்டியா இருந்தா ஒத்தக் கால்லயே ஓட்டிருப்பன்" என்று அப்பா கட்டிலில் படுத்தபடி மின்விசிறியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மாவிடம் லைசென்ஸ் இருந்தது. கல்யாணத்துக்கு முன் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து வாங்கியது. அங்கே சொல்லிக்கொடுத்தவரின் காலடியிலும் ஒரு பிரேக்கும் கிளட்ச்சும் இருந்ததால், தான் ஓட்டினோமா அவர் ஓட்டினாரா என்பது அம்மாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. அந்த லைசென்ஸ் பட்டுப்புடவைகளுக்கு அடியில் பத்திரமாக இருந்தது. வேறு வழியில்லாமல் அதை வெளியே எடுத்தாள்.

அம்மாவுக்கு ஸ்டியரிங் வந்தது, பிரேக் வந்தது, கிளட்ச்சும் ஒரு மாதிரி வந்தது. கியர்தான் வரவில்லை. கியரைப் பார்த்தால் சாலை தெரியவில்லை, சாலையைப் பார்த்தால் கியர் அகப்படவில்லை. கை கியருக்குப் போனால் காரும் அந்தப் பக்கமே போனது. பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார்.

"நீ ரோட்ட மட்டும் பாரு. கிளட்ச்ச அமுக்கிட்டு 'ம்'னு சொல்லு. கியர நான் போட்டுக்கறன்."

அப்பா கார் ஓட்டக் கற்றது அத்திப்பள்ளியில், ஒரு கன்னடக்காரரிடம். அதனால் கியர்களை அவருக்குக் கன்னடத்தில்தான் எண்ண வரும். அம்மா "ம்" என்பாள். அப்பா "எரடு" என்று சொல்லி இரண்டாவது கியரைப் போடுவார். மறுபடி "ம்". "மூரு." நெடுஞ்சாலையில் வண்டி கொஞ்சம் வேகம் பிடித்துவிட்டால் "நால்கூ" என்று பாட்டு மாதிரி இழுப்பார். இன்றைக்கும் எனக்குக் கன்னடத்தில் நாலு வரைதான் எண்ணத் தெரியும். காலையில் சண்டை போட்டுக்கொண்டு இரண்டு பேரும் பேசாமல் இருக்கிற நாட்களில்கூட கிருஷ்ணகிரி போய்ச் சேரும்வரை "ம்", "எரடு", "ம்", "மூரு" மட்டும் நடந்துகொண்டிருக்கும். திரும்பி வரும்போது அந்தச் சண்டை எங்கேயோ இறங்கிப் போயிருக்கும்.

பள்ளிக்கூடம் லீவு. என்னை வீட்டில் விட்டுவிட்டுப் போக ஆள் இல்லாததால் நானும் பின் இருக்கையில் இருந்தேன். கார் என்றால் இரண்டு பேர் சேர்ந்து ஓட்டுவது என்றே நம்பியிருந்தேன்.

எல்லாம் சரியாக வந்தது, வீட்டுக்கு ஏறும் மேட்டைத் தவிர. அது அப்போது மண்பாதை. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம். மாங்காய்க் காலம் வேறு. மேலேயிருந்த தோப்புகளிலிருந்து மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் மாம்பழக்கூழ்த் தொழிற்சாலைக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். எதிரே ஒன்று வந்துவிட்டால் நடுமேட்டில் பாறையோரமாக ஒதுங்கி நிற்க வேண்டும். நின்றால் மறுபடி கிளப்ப வேண்டும். பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்ஸிலரேட்டருக்குக் கொண்டுபோகிற அந்த இடைவெளியில் கார் பின்னால் உருளும். அம்மா பயந்தது அந்த இடைவெளிக்குத்தான்.

முதல் நாள் கிருஷ்ணகிரியிலிருந்து திரும்பி வந்தபோது, மேட்டின் அடியில் இருந்த டீக்கடை முன்னால் அம்மா காரை நிறுத்திவிட்டாள். மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பாமலேயே, "நீ எறங்கு" என்று என்னிடம் சொன்னாள்.

"ஏன்?"

அப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு கஷ்டப்பட்டு என் பக்கம் திரும்பினார்.

"பாப்பாவுக்கு ஒரு முக்கியமான வேல இருக்கு. வண்டி மேட்டுல நின்னா பின்னாடி உருளும் இல்ல? உருளாம இருக்கணும்னா பின் சக்கரத்துக்கு அடில கல்லு வெக்கணும். லாரில கிளீனர் எறங்கி வெப்பாருல்ல, அந்த மாதிரி. நம்ம வண்டிக்கு நீதான் கிளீனர்."

டீக்கடையோரம் கிரானைட் பட்டறையில் அறுத்துக் கழித்த துண்டுகள் கிடந்தன. அப்பா காரில் இருந்தபடியே கைகாட்ட, நான் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினேன். ஒரு முனை சப்பையாகவும் மறுமுனை தடிமனாகவும் இருந்த ஒன்றை அவர் தேர்ந்தெடுத்தார். ஆப்பு மாதிரி இருக்கிறது, இதுதான் சரி என்றார்.

"மேல புங்க மரத்துகிட்ட போயி நின்னுக்க" என்றாள் அம்மா. "நான் கூப்ட்டாதான் வரணும். கூப்டாம ஒரு அடி நவுரக் கூடாது. புரியுதா?"

டீக்கடைக்காரர் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டார். "என்னக்கா, ஒரு வண்டிக்கு மூணு டிரைவரா?"

"ஆமாப்பா, ஒருத்தர் லீவு போட்டாலும் வண்டி ஓடாது" என்றார் அப்பா.

அன்றிலிருந்து எங்கள் காரை ஓட்ட மூன்று பேர். கல்லைப் பழைய துண்டில் சுற்றிப் பின் இருக்கைக்கு அடியில் வைத்திருந்தேன். மேட்டின் அடியில் கார் நின்றதும் யாரும் சொல்லாமலே இறங்கிவிடுவேன். கல்லோடு ஏறிப் போய்ப் புங்க மரத்தடியில் நின்று கையைக் காட்டுவேன். அதற்குப் பிறகுதான் அம்மா வண்டியை எடுப்பாள். அம்மாவைக் கேட்டால் அது புங்க மரம் இல்லை, வேப்ப மரம் என்கிறாள். இருக்கலாம். நான் மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. அம்மா எப்போது கூப்பிடுவாள் என்று காரையே பார்த்துக்கொண்டு நின்றேன். கார் ஒவ்வொரு முறையும் முனகிக்கொண்டு நிற்காமல் ஏறி வந்துவிடும். எனக்கு ஏமாற்றமாக இருக்கும்.

"ஒரு தடவகூட கூப்ட மாட்டேங்கறியே" என்று சாப்பிடும்போது அம்மாவிடம் சண்டை பிடித்தேன்.

"கூப்டாத வரைக்கும் நல்லதுடி" என்று சோற்றைப் பிசைந்தாள்.

பிறகு ஒருநாள் கார் நின்றது.

நான் மரத்தடியிலிருந்து கை காட்டிவிட்டேன். அம்மா பாதி மேடு ஏறிவிட்டாள். அப்போதுதான் வளைவுக்குள்ளிருந்து ஒரு டிராக்டர் மாங்காய்ப் பெட்டிகளோடு வந்தது. "ஓரமா நில்லு பாப்பா" என்று எனக்குக் குரல் கொடுத்துவிட்டு இறங்கியது. அம்மா காரைப் பாறையோரம் ஒதுக்கி நிறுத்தினாள். டிராக்டர் உரசாமல் கடந்து கீழே போய்விட்டது. அம்மா காரைக் கிளப்பினாள். என்ஜின் பெரிதாக உறுமி, ஒரு குலுக்குக் குலுக்கி, அணைந்துபோனது. கார் மெதுவாகப் பின்னால் நகர ஆரம்பித்தது. நேராகப் போகாமல், பள்ளத்தின் பக்கம் சாய்ந்து போனது.

அம்மா கூப்பிடவில்லை. ஆனால் இதற்காகத்தானே கல் என்று நான் ஓட ஆரம்பித்தேன்.

"வராத! அங்கயே நில்லு! வராதடீ!"

அது அம்மாவின் குரல் மாதிரியே இல்லை. நான் அப்படியே நின்றுவிட்டேன். உள்ளே அப்பா ஹேண்ட்பிரேக்கை இழுத்த சத்தம் எனக்குக் கேட்டது. கார் பள்ளத்தின் விளிம்பில், பின் சக்கரம் மண்ணைச் சரித்துக்கொண்டு நின்றது. கண்ணாடி வழியாக இரண்டு பேரும் தெரிந்தார்கள். அம்மா என்னை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா அவளிடம் ஏதோ சொன்னார். அவள் மாட்டேன் என்று தலையசைத்தாள். அப்பா திரும்பவும் சொன்னார். என்ஜின் உயிர் பெற்று, மெல்ல மெல்ல உறுமி, காரின் மூக்கு லேசாக மேலே தூக்கியது. அம்மாவின் உதடு "ம்" என்று மூடியதைப் பார்த்தேன். அப்பா ஹேண்ட்பிரேக்கை விட்டார். கார் ஏறியது. என்னைக் கடந்து, சமதளத்துக்குப் போய்த்தான் நின்றது.

அம்மா இறங்கி ஓடி வந்தாள். பாராட்டப் போகிறாள் என்று நினைத்தேன். முதுகில் ஓங்கி ஒரு அடி விழுந்தது.

"கூப்ட்டனா ஒன்ன? கூப்ட்டனா?"

இன்னொரு அடி. அடுத்த நொடி என்னைச் சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேருக்கும் நடுவில் அந்தக் கல் இருந்தது. விலா எலும்பில் அது குத்தியது. அம்மாவுக்கும் குத்தியிருக்கும். ஆனால் அவள் விடவில்லை.

நான் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை, அதனால்தான் அடி என்று முடிவு செய்தேன். மறுநாளிலிருந்து வாசலில் அப்பாவின் சைக்கிளுக்குப் பின்னால் ஓடி ஓடிக் கல் வைத்துப் பழகினேன். திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். "பரவாயில்ல, இன்னும் வேகமா" என்றார். அம்மா சமையலறையிலிருந்து வந்து ஒரு கணம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கு என் மேல் இன்னும் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

கட்டுப் பிரித்ததும் அப்பா மறுபடி ஓட்ட ஆரம்பித்தார். என் வேலை போய்விட்டது. அம்மாவும் பிறகு தனியாகவே எல்லா கியரும் போட்டு ஓட்டினாள். கல் மட்டும் வீட்டு கேட் காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்துக் கிடந்தது.

கடைசியில் ஆட்டோமேடிக்தான் வாங்கினோம். போன மாதம் அம்மாவையும் அப்பாவையும் ஓசூரில் எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்து கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நானே காரில் குருபரப்பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டேன். கணவருக்கு ஷிஃப்ட். அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சூளகிரி தாண்டும்வரை அவர் கை அவரை அறியாமல் கியர் மேல் போவதும், வேலை இல்லை என்று திரும்பி வருவதுமாக இருந்தது. பின்னால் அம்மாவும் என் மகளும்.

டீக்கடை இருந்த இடத்தில் இப்போது ஒரு பேக்கரி. அதன் முன்னால் வந்ததும் பிரேக்கை மிதித்தேன். மேடு இப்போது சிமென்ட் சாலை. எதிரே வண்டி எதுவும் இல்லை. ஏற்றத்தில் காலை எடுத்தாலும் இந்தக் கார் கொஞ்ச நேரம் தானே பிடித்து நிற்கும், பின்னால் உருளாது என்று ஷோரூமில் சொல்லியிருந்தார்கள். ஒரு மேம்பாலத்தில் நானே சோதித்தும் பார்த்திருந்தேன். எல்லாம் தெரியும். ஆனாலும் காலை எடுக்க வரவில்லை.

"நீ எறங்கு கண்ணு" என்றேன் மகளிடம்.

"ஏம்மா?"

அப்பா என் முகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகப் பின்னால் திரும்பினார்.

"பாப்பாவுக்கு ஒரு முக்கியமான வேல இருக்கு" என்று அதே குரலில் ஆரம்பித்தார். பின் சக்கரம் வந்தது, கல் வந்தது, லாரி கிளீனர் வந்தார். மேலே மரத்தடியில் போய் நிற்க வேண்டும் என்பதும் வந்தது. மகள் முழுவதையும் கேட்டுக்கொண்டாள்.

"வண்டி பின்னாடிதான தாத்தா உருளும்?"

"ஆமா."

"கல்லும் பின்னாடிதான வெக்கணும்?"

"ஆமா."

"அப்ப நான் எதுக்கு முன்னாடி போயி நிக்கணும்?"

கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தேன். அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, பேத்தியின் கையை மட்டும் பிடித்திருந்தாள்.

எட்டு வயதில் எனக்கு இந்தக் கேள்வி வரவே இல்லை. ஒவ்வொரு முறையும் காரைக் காப்பாற்றப் போகிறவளாகக் கல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேடேறிப் போனேன். நான் மரத்தடிக்குப் போய்ச் சேரும்வரை அம்மா கீழே வண்டியை எடுக்காமல் காத்திருந்தாள்.