ஊதா டார்ச்சும் வெள்ளைச் சட்டையும்

காக்கை இன்னும் வந்து உட்காரவில்லை. அதனால் ஞானபாய் அக்கா, லென்ஸைக் கையில் நீட்டிப் பிடித்தபடி கடை வாசலிலேயே நிற்கிறார். எதிரே ஒரு மின்கம்பம், அதன் குறுக்கே ஒரு கம்பி. இரண்டும் சேர்ந்து அவருக்கு ஒரு சிலுவை. லென்ஸை இடமும் வலமுமாக மெல்ல அசைத்து, அந்தச் சிலுவை எங்காவது வளைகிறதா, ஒடிகிறதா என்று பார்ப்பார். கம்பியில் வந்து உட்காரும் காக்கை கூடுதல் வசதி.

"காக்கா சிட்டுக்குருவி ஆச்சுன்னா மைனஸ், கோழி ஆச்சுன்னா பிளஸ். இதுக்கு என்னத்துக்கு மிசினு?"

மிசின் உள்ளே இருக்கிறது. அதிலும் வைத்துப் பார்ப்பார். ஆனால் மிசின் சரி என்று சொன்ன பிறகும் காக்கை சம்மதிக்க வேண்டும்.

நாசரேத்தில் பிறந்தவர். வயது நாற்பத்தெட்டு. தூத்துக்குடியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பத்தொன்பது வருடமாக லென்ஸ் சோதிக்கிறார். குறை கண்ட லென்ஸில் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைப்பார். 'அக்கா பொட்டு வச்சுட்டா' என்றால் அந்த லென்ஸ் வந்த வழியே திரும்பிப் போகிறது என்று அர்த்தம். யாராவது சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தால், தன் பல்லில் வலி வந்ததுபோல முகத்தைச் சுளிப்பார். கோயிலில் எல்லோரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது இவர் மட்டும் கண்ணைத் திறந்து, போதகரின் இடது லென்ஸ் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்.

ஒன்றை மட்டும் அவர் செய்வதில்லை. யார் முகத்திலும் கண்ணாடியை மாட்டிவிட மாட்டார்.

"மாட்டுத வேலை கடைப் பையன் ஜாய்சனுக்கு. அவன் நல்லா சிரிப்பான், எடுப்பா இருக்கும்பான். எனக்குப் பொய் வராது."

நான் நாடு நாடாகச் சுற்றிவிட்டு வந்து, கீல் தளர்ந்துபோன என் கூலிங்கிளாஸைச் சரிசெய்யக் கொடுத்தபோதுதான் அவர் பழக்கமானார். கீலை அவர் பார்க்கவே இல்லை. மேசைக்கு அடியில் குனிந்தார். என்னையும் குனியச் சொன்னார். அங்கே ஒரு வெள்ளைத் துணியை விரித்து, ஊதா நிற ஒளி வரும் சின்ன டார்ச்சை அடித்தார். துணி நீலமாக மினுங்கியது. சலவைத் தூளில் வெள்ளையைக் கூட்டுவதற்குப் போடும் சரக்கின் வேலை அது. கண்ணுக்கு ஆகாத ஊதாக் கதிர் பட்டால் அது மினுங்கும். இப்போது டார்ச்சுக்கும் துணிக்கும் நடுவில் என் கூலிங்கிளாஸைப் பிடித்தார். நல்ல கண்ணாடி என்றால் கதிர் தடைபட்டுத் துணி இருண்டுவிட வேண்டும். துணி முன்புபோலவே மினுங்கியது.

"நாலு நாட்டு வெயிலையும் கண்ணுக்குள்ள விட்டுட்டு வந்திருக்க" என்றார். மேசைக்கு அடியிலேயே உட்கார்ந்து சிரித்தேன். அன்றிலிருந்து வாரம் ஒரு நாளாவது அவர் பின்னால் சுற்றுகிறேன்.

போன மாதம் மாப்பிள்ளையூரணிக்கு அந்தப்புறம் ஓர் உப்பளத்துக்குப் போனோம். உப்பு வியாபாரி மகாராஜன் அண்ணாச்சி அங்கே வேலை பார்க்கும் பெண்களுக்கு, எங்கோ மொத்தமாக வாங்கிய எண்பது கூலிங்கிளாஸ் கொடுக்கிறார். அவரவர் மூக்குக்கு வளைத்து மாட்டிவிட ஓர் ஆள் அனுப்பும்படி கடையில் கேட்டிருந்தார். ஜாய்சன் லீவு. கடைக்காரர் ஞானபாய் அக்காவை அனுப்பிவிட்டார். இதைவிடப் பெரிய தவறை அவர் செய்திருக்க முடியாது.

கொட்டகையில் பலூன் கட்டியிருந்தது. வெளியே காலை வெயிலில் உப்புக் குவியல்கள் கண்ணைக் குத்தின. முன்வரிசையில் சுடலைமாடத்தி இருந்தாள். பன்னிரண்டு வருடம் அந்த வெள்ளையைப் பார்த்துப் பார்த்து இரண்டு கண்ணும் சிவந்து, எப்போதும் நீர் வழியும். கூலிங்கிளாஸ் வேண்டும் என்று மூன்று மாதமாகக் கேட்டு வாங்கியதே அவள்தான்.

அக்கா பையில் கையை விட்டார். டார்ச் இருந்தது, துணி இல்லை. சுற்றிலும் பார்த்தார். பெண்கள் சேலைக்கு மேல் போட்டிருந்த சட்டைகள் எல்லாம் சாயம் போன கலர். வெள்ளை என்று இருந்தது உப்பு மட்டும். உப்பில் அடித்துப் பார்த்தார், மினுங்கவில்லை. பிறகு அவர் பார்வை மெதுவாக மகாராஜன் அண்ணாச்சியின் நெஞ்சில் போய் நின்றது. அப்படி ஒரு வெள்ளைச் சட்டையை நான் எந்த நாட்டிலும் பார்த்ததில்லை.

"அண்ணாச்சி, கொஞ்சம் இங்கன வாங்க. ஏளா, குடையைப் பிடி."

கொட்டகையின் இருண்ட மூலையில், வெயிலுக்குக் கொண்டுபோயிருந்த கறுப்புக் குடையை நான் தாழ்த்திப் பிடித்தேன். மூன்று பேரும் அதற்குள். டார்ச் எரிந்ததும் அண்ணாச்சியின் நெஞ்சு நீலமாக ஜொலித்தது. அவரே பயந்துபோய்க் குனிந்து பார்த்தார். பெட்டியிலிருந்த முதல் கூலிங்கிளாஸைக் குறுக்கே பிடித்தார் அக்கா. நெஞ்சு ஜொலித்துக்கொண்டே இருந்தது. இரண்டாவது, மூன்றாவது. வெளியே பெண்கள் குடைக்குக் கீழே எங்கள் கால்களை மட்டும் பார்த்துச் சிரித்துச் சிரித்துப் புரையேறி இருமினார்கள். எண்பதும் முடிய ஒரு மணி நேரம் ஆயிற்று. அண்ணாச்சியின் சட்டை வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. ஒரு கண்ணாடிகூடத் தேறவில்லை.

"போட்டுப் பாத்தேனே, கும்முனு இருட்டா இருக்கே" என்றார் அண்ணாச்சி பாவமாக.

"அந்த இருட்டுதான் வினை. நிழலுன்னு நம்பி கண்ணு கதவை அகலத் தொறந்துரும். பின்னாலயே வெயிலு உள்ள போயிரும். இதைப் போடுததுக்கு வெறுங்கண்ணே மேலு."

சிரிப்பு நின்றது. சுடலைமாடத்தி எழுந்து வந்தாள்.

"யக்கா, மூணு மாசமா கேட்டு இப்பத்தான் வந்திருக்கு. நீ நொட்டை சொல்லி, அண்ணாச்சி பெட்டியத் தூக்கிட்டுப் போயிட்டாருன்னா, பெறகு நாங்க யாரைப் போய்க் கேக்க?"

அக்கா சிவப்பு மையை எடுத்து ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்தார். நூற்றறுபது பொட்டு. அண்ணாச்சி அடுத்த செவ்வாய்க்குள் வேறு வரும் என்றார். சுடலைமாடத்தி அதைக் கேட்க நிற்காமல், கண்ணை இடுக்கிக்கொண்டு பாத்திக்கு இறங்கிப் போய்விட்டாள். அந்த வாரம் முழுக்க அக்கா காக்கைக்காகக் காத்திருக்கவில்லை. செவ்வாய் எப்போது என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டார்.

செவ்வாய்க்கிழமை மறுபடி போனோம். அக்கா துணியை மறக்காமல் எடுத்து வந்திருந்தார். அதற்கு வேலை இருக்கவில்லை. மகாராஜன் அண்ணாச்சி முந்திய தடவையைவிட வெள்ளையாக ஒரு சட்டை போட்டுக்கொண்டு, இருட்டு மூலையில் ஸ்டூல் போட்டு, குடையைத் தானே விரித்துப் பிடித்து, நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்.

"ஆரம்பிங்கம்மா" என்றார்.

டார்ச் எரிந்தது. கண்ணாடி குறுக்கே வந்தது. நெஞ்சு கரியாக இருண்டது. "அணைஞ்சிட்டு, அணைஞ்சிட்டு" என்று அண்ணாச்சி குடைக்குள்ளிருந்து கத்த, வெளியே ஒரே கைதட்டல். எண்பதுக்கும் நெஞ்சு அணைந்தது.

அன்றும் ஜாய்சன் வரவில்லை; மாட்டிவிடும் வேலை அக்கா தலையில் விழுந்தது. சுடலைமாடத்தி கடைசி ஆளாக, முகத்தை மட்டும் முன்னால் நீட்டிக்கொண்டு வந்து நின்றாள். அக்கா கூலிங்கிளாஸை இரண்டு கையாலும் விரித்து அவள் காதுகளில் செருகிவிட்டார்.

"எடுப்பா இருக்காக்கா?"

அக்கா ஓர் அடி பின்னால் போனார். ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு கிட்டே வந்து, இடது பக்கத்தை ஒரு நூல் அளவு தூக்கிவிட்டார்.