கோணல் கொத்து

எங்கள் அக்காவுக்கு வீட்டில் வைத்த பெயர் உடும்பு. பிடித்தால் விடமாட்டாள். ஆய்வுக்கூடத்தில் அவள் பிடித்தது சிலிக்கானை. அதன் அணுக்கள் சில மட்டும் கொத்தாகச் சேர்ந்தால் எந்த வடிவத்தில் உட்காரும், அது நிலைக்குமா என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்ப்பது அவள் வேலை. கண்ணுக்கே தெரியாத பொருளுக்கு இவ்வளவு பாடா என்று கிண்டலடிப்பேன். காதில் போட்டுக்கொள்ளமாட்டாள்.

அவளுடைய ஆய்வேட்டின் உயிரே ஒரு வடிவம்தான். இடமும் வலமும் ஒன்றுபோல, அச்சில் வார்த்த மாதிரி அழகு. அவளுக்கு வழிகாட்டிய பேராசிரியர் அதைப் படமாக்கி ஆய்வுக்கூடச் சுவரில் ஒட்டியிருந்தார். மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தால் ஒரு நல்ல வேலை அவளுக்கென்று காத்திருந்தது. வீடே அதை நம்பியிருந்தது.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம். கணக்குச் சீக்கிரம் முடியட்டும் என்று, இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே இருக்க வேண்டும் என்று புரோகிராமுக்கு முதலிலேயே கட்டளை போட்டுவிடுவார்கள். அணுக்கள் நடுங்கும்போது வடிவம் தாங்குமா என்று பார்க்கும் அதிர்வுச் சோதனை நேரத்தைத் தின்னும் என்பதால் அதைக் கடைசிக்குத் தள்ளுவார்கள். அக்காவும் தள்ளினாள். செய்து பார்த்தபோது ஓர் அதிர்வெண் மைனஸில் வந்து நின்றது. மேட்டு உச்சியில் வைத்த பந்து மாதிரி, லேசாகத் தட்டினால் உருண்டு அந்த வடிவம் வேறொன்றாகிவிடும் என்று அர்த்தம். கட்டளை போட்டுக் கட்டிவைத்ததால்தான் அது அதுவரை நின்றிருந்தது.

பேராசிரியர் கெட்டவர் இல்லை. இவளுக்கு வேலை போய்விடுமே என்ற பதற்றம் அவருக்கு.

"அந்த ஒரு வரியை விட்டுடும்மா. யாரு பார்க்கப் போறாங்க?"

"நான் பார்த்துட்டேனே சார்."

எனக்கு வந்ததே கோபம்! கைக்கு எட்டியதை யாராவது தட்டிவிடுவார்களா என்று சண்டை போட்டேன், அப்புறம் பேச்சையும் நிறுத்தினேன். அவள் கட்டளையை எடுத்துவிட்டு, அணுக்களை வேண்டுமென்றே கொஞ்சம் நகர்த்தி, கணக்கை முதலிலிருந்து ஓடவிட்டாள். மாதம் முடிந்தது. வேலை வேறொருவருக்குப் போனது. அதற்குப் பிறகுதான் விடை வந்தது. ஒரு பக்கம் வீங்கின கோணல் வடிவம். பழையதைவிட ஆற்றல் குறைவு, அதனால் உறுதி அதிகம். மைனஸ் ஒன்றுகூட இல்லை.

வாய்மொழித் தேர்வன்று நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேட்ட முதல் கேள்வியே, அதிர்வுச் சோதனை செய்தீர்களா என்பதுதான். அக்கா சோதனை முடிவுகள் இருந்த பக்கத்தைத் திரையில் காட்டினாள். பேராசிரியர் தலை குனிந்துகொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வேலை போனது போனதுதான். தேர்வுக்கு மறுநாள் ஆய்வுக்கூடத்துக்கு அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். சுவரில் பழைய படத்தைக் கிழித்துவிட்டுப் பேராசிரியர் தன் கையாலேயே கோணலை ஒட்டிக்கொண்டிருந்தார். உடும்பு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இன்னோர் அணுவைச் சேர்த்து அடுத்த கொத்தைத் தொடங்கி, முதல் வேலையாக அதைக் கோணலாகத் தள்ளிக்கொண்டிருந்தாள்.