சேக்காடு கேம் மெஷினுக்கு மானிட்டர் மாற்றியது

1. திரை இருண்ட நாள்

அந்தப் பெட்டியின் பின்கதவைத் திறந்ததும் கருகிய பிளாஸ்டிக் நாற்றம் முகத்தில் அடித்தது. தாசண்ணன் டார்ச்சை உள்ளே பிடித்துப் பார்த்துவிட்டு, "இ.எச்.டி. பூடுச்சி மெர்சி" என்றார்.

இ.எச்.டி. என்பது பிக்சர் டியூபுக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுக்கும் டிரான்ஸ்பார்மர். அது வெடித்தால் மானிட்டர் வெறும் கண்ணாடி. சாதாரண டி.வி.யாக இருந்தால் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் வேறு வாங்கிவந்து மாட்டிவிடலாம். இதுவோ வெளிநாட்டு மானிட்டர். நகரத்தில் ஏதோ ஓட்டலில் ஓடிக் களைத்து, கைமாறிக் கைமாறி சேக்காட்டுக்கு வந்து சேர்ந்த வீடியோ கேம் மெஷின்.

நான் அப்போது ஆவடியில் ஒரு டி.வி. சர்வீஸ் கடையில் இருந்தேன். அதற்கு முன் அம்பத்தூர் எஸ்டேட்டில் டி.வி. அசெம்பிளி லைனில் சால்டரிங் செய்தேன். அந்தக் கம்பெனி மூடியதும் இங்கே வந்தேன். பெண் மெக்கானிக்கைப் பார்த்ததும் கஸ்டமர்கள், "ரிப்பேர் பண்றவர் எங்கம்மா?" என்று கேட்ட காலம். என்னைக் கேலி செய்யாமல் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தவர் தாசண்ணன் ஒருவர்தான். எங்கள் கடையில் அவர் தொட்டுத் திரும்பி வந்த செட்டை நான் பார்த்ததில்லை. வெளிவேலைக்குப் போகும்போது என்னையும் அழைத்துப் போவார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது.

மெஷினின் சொந்தக்காரர் அருணாசலம். டிபன்ஸ் பாக்டரியில் வேலை, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். கடை அவர் பெயரில் இருந்தாலும் நடத்தியது அவர் மனைவி கனகம். சின்ன வாடகை அறை. இரண்டு கேரம் போர்டு, ஒரு பழைய கறுப்பு வெள்ளை கேம், அப்புறம் இந்தக் கலர் மெஷின். கூட்டம் வந்ததெல்லாம் கலருக்காகத்தான்.

கனகம் அக்கா அந்த விமானம் சுடும் ஆட்டத்தில் கெட்டிக்காரி. காலையில் கடையைக் கூட்டித் துடைத்துவிட்டு, யாரும் வருவதற்கு முன் முதல் ஆட்டத்தை அவரே ஆடுவார். அதிக ஸ்கோர் எடுத்தவர் மூன்று எழுத்தில் பெயர் போடலாம். சாயங்காலம் வரை திரையில் அவர் பெயர்தான் நிற்கும். காலேஜ் பையன்கள் எவ்வளவு முட்டிப் பார்த்தும் அதை இறக்க முடியாது.

"மெஷின் போனதுலேர்ந்து எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல" என்றார் எங்களிடம். "எப்படியாவது படத்தைக் கொண்டாந்துருங்கண்ணே."

2. டி.வி.யை உள்ளே வைத்தோம்

வெளிநாட்டு இ.எச்.டி. எங்கேயும் கிடைக்கவில்லை. தாசண்ணன் வேறு வழி சொன்னார். மானிட்டரையே எடுத்துவிட்டு, நம்மூர் கலர் டி.வி.யின் இருபது இஞ்ச் டியூபையும் போர்டையும் பெட்டிக்குள் வைப்பது. கேம் போர்டிலிருந்து சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனி ஒயரில் வரும். அவற்றை டி.வி. போர்டின் கலர் அவுட்புட் பகுதியில் கொடுத்து, படத்தை ஓடாமல் பிடித்துவைக்கும் ஸிங்க் ஒயரையும் சேர்த்துவிட்டால் படம் நிற்கும். கேட்க எளிது. டியூபைப் பொருத்த மரச்சட்டம் அடித்து, கோணம் சரிசெய்து, ஓடுகிற படத்தைப் பிடித்து நிறுத்துவதற்குள் எங்கள் இடுப்பு ஒடிந்தது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. இளைய மெக்கானிக்குகள் இதைக் கவனித்துப் படிக்க வேண்டும். அந்தக் காலத்துக் கலர் டி.வி. போர்டுகள் பல ஹாட் சேஸிஸ். அதாவது மெயின் கரண்ட் நேரே போர்டின் கிரவுண்டோடு தொடர்பில் இருக்கும். டி.வி.யில் அது பெட்டிக்குள் மூடியிருப்பதால் யார் கையும் படாது. கேம் மெஷினில் அப்படி இல்லை. டி.வி. போர்டின் கிரவுண்டை கேம் போர்டின் கிரவுண்டோடு சேர்த்தே ஆகவேண்டும். கேம் போர்டின் கிரவுண்டோ ஜாய்ஸ்டிக் இருக்கும் இரும்புத் தகடு வரை போகிறது. நடுவில் மெயின் கரண்டைப் பிரித்துவைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் போடாவிட்டால், ஆடுகிறவர் கை வைக்கும் இடத்தில் கரண்ட் இருக்கும்.

பெட்டியின் அடியில் பழைய ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் இருந்தது. ஆனால் அது நூற்றுப்பத்து வோல்ட் கொடுப்பது. எங்கள் போர்டுக்கு ஆகாது. புதிதாகச் சுற்றித் தரும்படி அம்பத்தூரில் காயில் கட்டுபவரிடம் சொல்லியிருந்தோம். அங்கே கரண்ட் கட்டு, கம்பி வரவில்லை என்று இழுத்துக்கொண்டே போனது.

அன்று சாயங்காலம் கலர் செட்டிங் மட்டும் பார்த்துவிடலாம் என்று தாசண்ணன் டி.வி. போர்டுக்கு நேராக லைன் கொடுத்தார். காலில் ரப்பர் செருப்பு, தரையில் காய்ந்த பலகை. என்னை எட்ட நிற்கச் சொன்னார். படம் வந்தது. நீல வானம், சிவப்பு விமானம். அருணாசலம் கைதட்டாத குறை.

தாசண்ணன் சுவிட்சை அணைத்துவிட்டு அவரைப் பார்த்துச் சொன்னார். "அண்ணாச்சி, நல்லா கேட்டுக்கோ. இன்னும் ஒரு டிரான்ஸ்பார்மர் வரவேண்டி கீது. அது வர்ற வரைக்கும் இத்த ஆன் பண்ணாத. தகட்டுல ஷாக் அடிக்கும். வெளையாட்டு இல்ல."

"சரிண்ணே, தொடவே மாட்டோம்" என்றார் அருணாசலம்.

கனகம் அக்கா அப்போது கடையில் இல்லை. குவார்ட்டர்ஸில் சமையல் செய்துகொண்டிருந்தார்.

3. மறுநாள்

மறுநாள் காலையில் பக்கத்து மருந்துக்கடைக்குப் போன் வந்தது. மருந்துக்கடைக்காரர் எங்கள் வாசலில் வந்து நின்று, "சேக்காட்டுல உங்க கேம் மெஷின்ல ஒரு லேடி மாட்டிக்கிச்சாம்பா" என்றார். தாசண்ணன் சால்டரிங் அயனை ஸ்டாண்டில் வைக்காமல் மேஜை மேலேயே போட்டுவிட்டு எழுந்தார். நான்தான் சுவிட்சை அணைத்தேன்.

கனகம் அக்கா வழக்கம்போலக் கடையைத் திறந்து தரையைத் துடைத்திருக்கிறார். ஈரத்தரை, வெறுங்கால், கையில் ஈரத்துணி. மெஷினை ஆன் செய்து, படம் வருவதற்குள் தகட்டைத் துடைக்கப் போயிருக்கிறார். எதிரே டீக்கடை வைத்திருந்தவர் சத்தம் கேட்டு ஓடிவந்து மெயினை இறக்கியிருக்கிறார். பிடி விட்டதும் அக்கா மல்லாந்து விழுந்து, பின்மண்டை கேரம் போர்டு ஸ்டாண்டில் அடித்துவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கனகம் அக்காவின் தம்பி தாசண்ணனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "எங்க அக்காவக் கொல்லப் பாத்தியாலே? கரண்ட் அடிக்குத மெஷினையா மாட்டிட்டுப் போவ?" அருணாசலம் சுவரோரம் யூனிபார்மோடு நின்றிருந்தார். தலையைத் தூக்கவில்லை. தாசண்ணன் அவரை ஒருமுறை பார்த்தார். அவ்வளவுதான். "நான் சொல்லிட்டுத்தான் வந்தேன்" என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவேயில்லை.

நான் வாயைத் திறக்கப் போனபோது என் கையைப் பிடித்து இழுத்து வெளியே கூட்டிவந்தார்.

"ஏண்ணா சும்மா இருக்கீங்க? அவர்கிட்ட சொன்னீங்கல்ல, நானே கேட்டேனே!"

"சொன்னேன்னு சொன்னா இன்னா ஆவும்? அந்தம்மா எழுந்துகினு வந்துடுமா? அந்தாளு பொண்டாட்டி உள்ள படுத்துகினு கீது. இப்ப அவன் தலையில இத்த வேற ஏத்தணுமா?" கேட்டைத் தாண்டியதும் என் கையை விட்டார். "பிளக்க நான் கழட்டி எடுத்துகினு வந்திருக்கணும் மெர்சி. வாயால சொல்லிட்டு வந்தேன் பாரு."

கனகம் அக்கா பிழைத்துக்கொண்டார். கேம் கடை மட்டும் மறுபடி திறக்கவில்லை.

4. பால் தீய்ந்த வாசனை

சில மாதம் கழித்துக் குவார்ட்டர்ஸுக்குக் கனகம் அக்காவைப் பார்க்கப் போனேன். முகம் தெளிந்திருந்தது. ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தோம். திடீரென்று சமையலறையிலிருந்து பால் தீய்ந்த வாசனை. நான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். அக்கா உட்கார்ந்த இடத்திலேயே சிரித்தார்.

"எனக்கு வாசமே தெரியறதில்ல மெர்சி. தலைல அடிபட்டதுலேர்ந்து அப்படித்தான். டாக்டர் வரும்கிறாரு. மல்லிகைப்பூவை மூக்குல வச்சுத் தேச்சாலும் ஒண்ணுமில்ல."

என்னை வழியனுப்ப அருணாசலம் படி வரை வந்தார். தயங்கித் தயங்கிப் பேசினார். "தாசண்ணன் அன்னைக்கு எங்கிட்டச் சொன்னாரும்மா. நாந்தான் இவகிட்டச் சொல்லல. படம் வந்துட்டுன்னு சொன்னதும் சின்னப்புள்ள மாதிரிக் குதிச்சா. அந்த நேரத்துல, 'ஆனா இன்னும் ஆடக் கூடாது'ன்னு சொல்ல மனசு வரல. நல்ல சேதியச் சொல்லியாச்சு, மத்ததக் காலைல சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன். காலைல இவ தண்ணி புடிக்கப் போயிருந்தா. எனக்கு ஷிப்டுக்கு நேரமாயிட்டு."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"சொல்லிட்டேன். 'எனக்குத் தெரிஞ்சிருந்தா தொட்டிருப்பேனா'ன்னு ஒரே ஒரு தடவ கேட்டா. அப்புறம் கேக்கல. தாசண்ணனத்தான் பாக்க முடியல. கடைக்கு ரெண்டு தடவ வந்தேன்."

அவர் கடைக்கு வந்தபோது தாசண்ணன் வேலையை விட்டுப் போயிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு செட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். முடித்த வேலையைத் திரும்பத் திரும்பச் சோதிப்பார். கஸ்டமர் எடுக்க வந்தால், "நாளைக்கி வா நைனா" என்பார். ஒரு நாள் டூல்ஸ் பையை என் பெஞ்சில் வைத்துவிட்டு, "நீ வச்சிக்கோ" என்று கிளம்பிவிட்டார்.

நசரத்பேட்டையில் ஒரு லாரி ஷெட்டில் அவர் லோடு வண்டி ஓட்டுகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். அருணாசலம் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். அக்காவுக்கும் உண்மை தெரியும், யாருக்கும் உங்கள்மேல் கோபமில்லை என்றேன். கடைக்குத் திரும்பி வரச் சொல்லிக் கெஞ்சினேன்.

அவர் வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "அந்தம்மா நல்லா கீதா?"

நான் பொய் சொல்லியிருக்கலாம். வாசனை தெரியாத விஷயத்தைச் சொன்னேன். துடைக்கிற கை நின்றது. "எனுக்கு இந்த வேலையே போதும்மா" என்றார். டீ வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

இந்தத் தொழிலில் எனக்கு வகுப்பு எடுத்தவர்கள் பலர். நான் இன்றைக்கும் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான். பாதி வேலையில் விட்டு வரும் எந்த செட்டிலும் பிளக்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கஸ்டமர் முறைப்பார், "எங்கமேல நம்பிக்கை இல்லையா?" என்பார். என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். உங்கள்மேல் நம்பிக்கை இருக்கிறது, சொல்லிவிட்டுப் போகிற வார்த்தையின்மேல்தான் இல்லை என்பேன்.

இதனால் என் கஸ்டமர் வீடுகளில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த பிளக்குகளைக் கழற்றும்போதெல்லாம், என்னைவிட நூறு மடங்கு நன்றாக வேலை தெரிந்த ஒரு மனிதர் எங்கேயோ லாரி ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பு வரும். கை கொஞ்சம் மெதுவாகும்.