உப்புத்தண்ணீரில் கழுவிய சீஸ்

சீஸ் விற்கிற தொழிலில் பாதி நேரம் ‘இது கெட்டுப்போகவில்லை’ என்று சொல்வதிலேயே போய்விடும். மீனும் பூவும் விற்கிறவர்களுக்கு இந்தச் சிரமம் சாயங்காலத்தில் தொடங்கும். எனக்குக் கடை திறந்ததுமே.

திருவனந்தபுரம் பாளையத்தில் என் கடை. கல்லாறில் நாலைந்து மாடு வைத்திருக்கும் ஸ்டெல்லா எனக்குச் சீஸ் செய்து தருகிறாள். சென்ற கிறிஸ்துமஸுக்காக அவள் செய்தது வெள்ளைத்தோல் சீஸ். மேலே பஞ்சு மாதிரிப் பூஞ்சை படரவேண்டும், அதுதான் அதன் லட்சணம். அது விற்காவிட்டால் ஜனவரியிலிருந்து பால் முழுவதும் சொசைட்டிக்குத்தான் என்று சொல்லிவிட்டாள். கோவளம் பக்கத்து ஹோட்டல் ஒன்று மொத்தத்தையும் கேட்டிருந்ததால் நான் தைரியமாக இருந்தேன்.

உறை

கிழக்கேகோட்டை அக்ரஹாரத்திலிருந்து ஒரு மாமா வந்தார். வெளிநாட்டிலிருந்து பெண் லீவுக்கு வருகிறாளாம், சீஸ் இல்லாமல் அவளுக்கு ரொட்டி இறங்காதாம். பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுத்தது ஏதும் சேர்க்கிறார்களா என்று விசாரித்தார். இல்லை, அதற்குச் சைவமான உறை உண்டு என்றேன். ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடி, வெகுநேரம் மென்றார்.

“புளிக்கவே இல்லையே! சரியா உறையலை போலருக்கு. இன்னும் ரெண்டு நாள் வெளியில வெச்சுட்டுக் குடுங்கோ.”

பேக்கரிப் பழக்கம்

கொச்சியில் ஒரு கண்காட்சிக்காக ஒரு வாரம் போகவேண்டியிருந்தது. கடையைச் செல்வராஜிடம் விட்டேன். மார்த்தாண்டத்தில் பல வருஷம் பேக்கரி வேலை பார்த்துவிட்டு என்னிடம் புதிதாகச் சேர்ந்தவர். பேக்கரிக்காரர் கண்ணில் வெள்ளை பூத்த பண்டம் என்றால் ஒரே அர்த்தம்தான்.

திரும்பி வந்து, சீஸ் பழுக்க வைத்திருந்த பின்னறையைத் திறந்தேன். வாடை முகத்தில் அறைந்தது. ஸ்டெல்லாவின் சீஸ் வட்டங்கள் ஒன்றில்கூட வெள்ளை இல்லை. தோல் இளம் ஆரஞ்சு நிறத்தில், தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது. செல்வராஜ் பெருமையாகப் பக்கத்தில் வந்து நின்றார்.

“உப்புத்தண்ணி தொட்டுத் தினமும் துடைச்சேன் அண்ணே. துடைக்கத் துடைக்க முளைக்கி, நானும் விடல்ல.”

விருந்து

ஹோட்டல் சமையல்காரர் நேரில் வந்தார். மூடியைத் திறந்தார், மூடினார். உள்ளே நன்றாகத்தான் இருக்கிறது, ருசி பாருங்கள் என்றேன். அவர் அதற்குள் வாசலுக்குப் போயிருந்தார்.

“வெள்ளையாயிட்டு வந்தா விளிங்க சேட்டா. இதை பஃபேயில வச்சா கெஸ்ட் மொத்தம் கடலுக்குள்ள இறங்கும்.”

ஸ்டெல்லா

மறைக்க எனக்கு மனம் வரவில்லை. போன் செய்தேன், அடுத்த பஸ்ஸிலேயே இறங்கி வந்துவிட்டாள். செல்வராஜ் பின்பக்கம் பாத்திரம் கழுவப் போனார், கழுவப் பாத்திரம் எதுவும் இல்லாதபோதும்.

ஒரு வட்டத்தை வெட்டினாள். உள்ளே நெய் போல இளகியிருந்தது. உப்புத்தண்ணீரில் வேண்டுமென்றே கழுவி இப்படிப் பழுக்க வைக்கிற ஊர்கள் உண்டு, அங்கே இதற்குத் தனி மரியாதை என்று சொன்னேன். சமாதானத்துக்குச் சொல்கிறேனா என்று முகத்தைப் பார்த்தாள். பிறகு தின்றாள். இன்னொரு துண்டும் எடுத்தாள்.

“வாடை செத்துப்போன வாடைதான். ருசி சாகல்ல. இதை விக்க முடியுமா, அத மட்டும் சொல்லுங்க.”

முடியும் என்றேன். அப்போது நான் அதை நம்பவும் செய்தேன்.

கருவாடு

வாசலில் பலகை வைத்தேன்: ‘நாறும். ருசிக்கும்.’ இரண்டு நாள் எல்லோரும் முதல் சொல்லோடு நின்றுவிட்டார்கள். மூன்றாம் நாள், பக்கத்துக் கடையில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் வாங்க வந்த விழிஞ்ஞம் மீன்பிடித் துறைப் பெண் ஒருத்தி வாடையைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்தாள். கருவாடு எங்கே என்று கேட்டாள். மாட்டுப்பால் என்றதும் சிரித்தாள். ஒரு துண்டு கொடுத்தேன். கைப்பையிலிருந்த பச்சைமிளகாயைக் கடித்துக்கொண்டு தின்றாள். மறுநாள் நாத்தனார்கள், கொழுந்தன்மார் என்று ஒரு ஆட்டோ நிறைய வந்து இறங்கினார்கள்.

“மணமில்லாத சாதனம் எங்க வீட்டு மேசையில ஏறாது சேட்டா. அம்மச்சிக்கு ரெண்டு, சர்ச்சுல அச்சனுக்கு ஒண்ணு, வேற வேற பொதிஞ்சு தா.”

அடுத்த சரக்கு

கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே அலமாரி காலியாகிவிட்டது. ஜனவரியில் ஸ்டெல்லா கூப்பிட்டாள். பால் சொசைட்டிக்குப் போகவில்லை. புதிதாகச் செய்து வைத்திருக்கிறாள், ஆனால் கழுவுகிற பக்குவம் கைக்கு வரவில்லை, செல்வராஜ் அண்ணனை ஒரு வாரம் அனுப்பவேண்டும். சேதியைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது.

“நான் சுத்தம் பண்ணத்தான் கழுவினேன் அண்ணே. நாற வைக்கணும்னா வேற ஆளைப் பாருங்க.”

மறுநாள் உப்புப் பொட்டலத்தோடு அவரே கல்லாறு பஸ் ஏறினார். ‘இது கெட்டுப்போகவில்லை’ என்று நாளெல்லாம் சொல்லிப் பிழைக்கிற என் கடை, இன்று, ‘கெட்டுப்போனதுதான்’ என்று உறுதியாக நம்புகிற ஒருவரின் கைப்பக்குவத்தில் நடக்கிறது.