முகிலன் திரும்பிப் பார்க்கவில்லை

அந்தக் குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். பெற்ற தாய்க்குத் தெரிவதற்கு முன்பே தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. அதைவிடக் கேவலம்... அவர் வாய்விட்டுக் கேட்டபோது, ஒன்றுமில்லை என்று சொன்னேன்.

சொல்லிவிட்டேன். இனி நீங்கள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போகலாம். போக மனம் வராவிட்டால் கேளுங்கள்.

தண்டலத்துக் கல்லூரியில் பட்டம் வாங்கி, வேலை கிடைக்காமல், சும்மா இருக்கவும் முடியாமல் நான் துடித்துக்கொண்டிருந்த காலம். ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றிக் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்தன. மண்ணூரில் வரிசை வீடுகள். ஒற்றை அறை ஒவ்வொன்றிலும் ஒரு தெற்கத்திக் குடும்பம். கணவன் ஷிஃப்டில். மனைவியும் குழந்தையும் நாலு சுவருக்குள். இவர்களைச் சென்னை மியூசியத்துக்கு அழைத்துப்போய்ச் சுற்றிக் காட்டினால் என்ன? ஞாயிற்றுக்கிழமை சும்மா நிற்கும் ஷிஃப்ட் பஸ்ஸைக் கேட்டு, ஒரு கம்பெனியின் நலத்துறை அதிகாரியை நச்சரித்தேன். மாதம் ஒரு ஞாயிறு என்று ஒப்புக்கொண்டார். ஆகா, என்ன துள்ளல் துள்ளினேன்!

நடை பழகி முடிக்காத பிள்ளைகளிடம் வரலாறு பேச முடியுமா? நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒரு சிலையின் முன்னால் அவர்களை உட்காரவைப்பேன். பார்த்துச் சலித்ததும் முதுகுப்பக்கம் போய்ப் பட்டென்று கை தட்டுவேன். எல்லாத் தலையும் திரும்பும். "அங்க பாரு, திமிங்கலத்தோட எலும்பு!" அம்மாக்கள் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அடுத்த கூடம், அடுத்த கைதட்டல்.

ஒரு தலை மட்டும் திரும்பவில்லை.

முகிலன். இரண்டரை வயது. அவன் அம்மா செல்வி, நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்தவர். பையன் ஒரு வெண்கலச் சிலையின் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவன் இப்படித்தான் மிஸ். ஒண்ணுல கண்ண வச்சாம்னா எடுக்க மாட்டான்" என்றார் செல்வி, பாதி பெருமையும் பாதி கூச்சமுமாக.

உள்ளூர்க்காரர் மேரி சும்மா விடுவாரா! "இன்னா செல்வி, செத்த காலேஜுக்குப் போறோம், வாயத் தொறக்காதன்னு சொல்லி இட்டாந்தியா? என்னுது கத்துற கத்துல இங்க கீற பொம்மையெல்லாம் எழுந்து ஓடிடும் போலக்கீது!"

மியூசியத்துக்குச் சென்னைப் பேச்சில் 'செத்த காலேஜ்' என்றுதான் பெயர். எல்லோரும் சிரித்தோம். செல்வியும் சிரித்தார்.

அடுத்த மாதம், முகிலனுக்குப் பின்னால் மேரியின் மகன் ஒரு எவர்சில்வர் டப்பாவைக் கல்தரையில் போட்டான். கூடமே அதிர்ந்தது. காவலாளி ஓடி வந்தார். முகிலனின் இமைகூட அசையவில்லை. அவன் காதருகே போய், யாரும் பார்க்காதபடி, ஒருமுறை தட்டினேன். ஊகூம். என் நிழல் சிலைமேல் விழுந்த பிறகுதான் திரும்பினான். சிரித்தான்!

அந்தச் சிரிப்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஏன் சொல்லவில்லை? கேளுங்கள், நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அதற்கடுத்த முறை அதிகாரியே நேரில் வருவதாக இருந்தது. பிள்ளைகள் கத்தி ரகளை செய்தால் பஸ் நின்றுவிடும் என்று எச்சரித்திருந்தார். எனக்கு ஓர் அமைதியான குழந்தை வேண்டியிருந்தது... என் திட்டம் பலிக்கிறது என்று தூக்கிக் காட்ட!

அன்று திரும்பும் பஸ்ஸில் செல்வி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மடியில் முகிலன் தூங்கிக்கொண்டிருந்தான்.

"மிஸ், ஒண்ணு கேக்கட்டா? இவன் இன்னும் அம்மான்னுகூடச் சொல்லல. அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசுனாங்கன்னு அத்தை சொல்லுதாங்க. எனக்கு என்னமோ பயமா வருது. பெரியாஸ்பத்திரில காட்டட்டா? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க."

சொல்வதற்கு ஒரே ஒரு வார்த்தை போதும். 'காட்டுங்க.' என் நாக்கின் நுனி வரை வந்தது, சத்தியமாக வந்தது!

"ஆம்பளப் பிள்ளைங்க லேட்டாத்தான் பேசும்க்கா. இவன் கவனிக்கிற பிள்ளை. வீணா அலையாதீங்க. அடுத்த மாசம் கண்டிப்பா கூட்டிட்டு வாங்க."

அவர் முகம் மலர்ந்ததே... அந்த நிம்மதியை நான்தான் கொடுத்தேன்.

அதிகாரி வந்தார். முகிலனைத் தூக்கிக் காட்டினேன். "பாருங்க சார், இந்த வயசுல என்ன கவனம்!" பஸ் நிலைத்தது. ஒவ்வொரு மாதமும் அவனை முன்வரிசையில் உட்காரவைத்தேன். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம்... பிறகு எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. போய்விட்டேன்.

இரண்டு வருடம் கழித்து ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்தில் செல்வியைப் பார்த்தேன். முகிலன் வளர்ந்திருந்தான். காதுக்குப் பின்னால் கருவி.

"டாக்டர் ஏசுதாரு மிஸ். மூணு வயசுக்குள்ளயே கொண்டாந்திருந்தா பேச்சு நல்லா வந்திருக்குமாம். பெத்தவ நீ என்னத்தப் பாத்தன்னு அத்தையும் கேக்காங்க. கேக்கத்தான செய்வாங்க? ராவும் பகலும் கூடவே கெடந்தேன். எனக்குத் தெரியலயே மிஸ்!"

"உங்க தப்பு இல்லக்கா."

அவ்வளவுதான் வந்தது. யாருடைய தப்பு என்பதைச் சொல்லவில்லை. செல்வி என் கையை இறுகப் பற்றிக்கொண்டார். அவர் கண் கலங்கியது. "நீங்க ஒருத்தர்தான் மிஸ் அப்படிச் சொல்லுதீங்க" என்றார். நன்றி சொன்னார்... எனக்கு!

பஸ் வந்தது. பையனின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

அவர்கள் ஊருக்கே திரும்பிவிட்டதாக மேரி சொன்னார். மேரியிடம் விலாசம் இருக்கும். நான் கேட்கவில்லை. இந்தப் பக்கங்களில்கூட எல்லோர் பெயரையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். அவர்கள் நலனுக்காக என்று உங்களிடம் சொல்லிக்கொள்ளலாம்... என்னிடம் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

நாங்குநேரியில் எங்கோ ஒரு வீட்டில், நான் இதை எழுதும் இந்த நேரத்திலும், ஒரு தாய் தன்னையே ஏசிக்கொண்டிருக்கிறார்.