பேச்சிக்கு நான் சொல்லித் தராத பாடம்

உதவ முடிந்தும் நான் உதவவில்லை. போதாததற்கு, ஒரு தத்துவத்தை எனக்குச் சாட்சியாக அழைத்துக்கொண்டேன். நீங்கள் என்னை ஏசலாம். முழுவதையும் கேட்டுவிட்டு ஏசுங்கள்.

எழுபதுகளின் நடுவில் போடியில் புகுமுக வகுப்பு படித்தேன். ராசிங்காபுரத்தில் தோட்டம் துரவோடு வாழ்ந்த குடும்பம் என்னுடையது. வகுப்பில் என் பக்கத்தில் பேச்சி. அவள் தாய் குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துக்கொண்டிருந்தாள். பள்ளியில் தமிழில் கணக்கை ஊதித் தள்ளிய பேச்சி, கல்லூரியில் எல்லாம் ஆங்கிலமானதும் திணறிப்போனாள். கரும்பலகையைப் பார்த்தபடி அவள் உதடு துடிக்கும்... ஆங்கிலம் தடையில்லாத நான் தினமும் பார்த்தேன்.

ஒரு மாலை, பஸ் நிலையத்தில் என் கையைப் பிடித்தாள்.

"ஏ சரசு, பஸ்சு வர்ற வரைக்கும் இந்தப் பாடத்தத் தமிழ்ல சொல்லிக் குடுடீ. புரிஞ்சிருச்சுன்னா கணக்க நானே போட்டுக்கிருவேன்."

அப்போது நூலகத்தில் ஸ்டோயிக்குகள் என்ற பழைய கிரேக்க ஞானிகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். உன் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரித்தறி, இல்லாததற்காகக் கலங்காதே! இதுதான் அவர்கள் போதனை. எனக்கு எவ்வளவு வசதி, பாருங்கள்!

"நீ பாசாகுறதும் பெயிலாகுறதும் என் கையில இல்ல பேச்சி. நம்ம மனசு மட்டுந்தான் நம்ம கையில. கலங்காம இரு" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "புஸ்தகம் உன் கையிலதானடீ இருக்கு?"

பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன்.

அந்த ஞானிகள் இன்னொன்றும் சொல்லியிருந்தார்கள். மனிதர்கள் ஒருவருக்கொருவர் துணையாகவே பிறந்தவர்கள், ஓர் உடம்பின் இரு கைகளைப் போல. அதையும் படித்திருந்தேன்! படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினேன். ஏன்? பாடம் புரிந்துவிட்டால் பேச்சி என்னை முந்திவிடுவாள். அவ்வளவுதான். அவளுடைய தேர்ச்சி என் கையில் இல்லை, சரி... பஸ்சுக்குக் காத்திருந்த அந்த நேரம் யார் கையில் இருந்தது?

பேச்சி தேறவில்லை. மறுபடி எழுத வைக்க வீட்டில் வசதியில்லை. காய் எடுக்கப் போனாள். மலையிலேயே கட்டிக் கொடுத்தார்கள். நானோ போடியில் கணக்கு டீச்சரானேன். சொல்லிக் கொடுப்பதற்குச் சம்பளம் வாங்கினேன்!

பத்தாண்டுக்கு மேல் ஆகியிருக்கும். குரங்கணியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது, ஜீப்பில் ஒருத்தி நகர்ந்து இடம் கொடுத்தாள். விரலெல்லாம் காய்க் கறை. மடியில் ஒரு சிறுமி.

"சரசுதான நீ? டீச்சராயிட்டியாமே! நீ நல்லா வருவேன்னு அப்பவே தெரியும்டீ." பேச்சிதான்! அவள் குரலில் வருத்தமே இல்லை. "இவ என் மக. நல்லாப் படிக்கிறா. மலையில அஞ்சாப்போட சரி, அதுக்கு மேல பள்ளிக்கூடம் இல்ல. உன் வீட்ல ஒரு மூலையில கெடந்து படிக்கட்டுமா?"

அறை ஒன்று காலியாகத்தான் கிடந்தது. ஆனால் அந்தப் பிள்ளைக்குத் தாயின் முகம்... அதே உதடு! தினமும் அதன் முன்னால் நான் எப்படி நடமாடுவேன்?

"வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

யாரையும் கேட்கவில்லை. அந்தச் சிறுமி மேலே படித்தாளா என்று விசாரிக்கவும் இன்றுவரை துணிந்ததில்லை.

போடியில் ஜீப் நின்றதும், பேச்சி மகளை என் முன்னால் நிறுத்தினாள். "இவுக என்கூடப் படிச்சவுக. பெரிய டீச்சரு. கும்பிட்டுக்க ஆத்தா."

பிள்ளை குனிந்து என் காலைத் தொட்டது. நான் தடுக்கவில்லை. தலையில் கைவைத்து, நன்றாகப் படி என்று... ஐயோ, வாழ்த்தவும் செய்தேன்!